கேஷ் என்றால் காசா, கல்லாவா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் 'பேங்க்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். இத்தாலியில் காசு மாற்றிக் கொடுக்கிறவர்கள் முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பலகைக்கு 'பாங்கோ' என்று பேர், அதிலிருந்து வந்தது என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஆனால் கேஷ் என்பது நம்ம காசிலிருந்து வந்தது என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களை வைத்தே இந்த இதழை ஓட்டிவிடலாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். சரி, ஓட்டுவோம்.

கேள்வி: கேஷ் என்ற ஆங்கிலச் சொல் காசிலிருந்துதான் போனது என்று என் மகனுடைய தமிழய்யா வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான் வருகிறது. நீங்கள் மட்டும் இல்லை என்கிறீர்கள். தமிழுக்குக் கிடைக்கிற பெருமையைத் தட்டிவிடுவதில் உங்களுக்கு அப்படி என்ன சந்தோஷம்? (செல்லூர் வாசகர்)

பதில்: சந்தோஷமெல்லாம் ஒன்றும் இல்லைங்க. பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டு திரிந்தேன். காசு, கேஷ், ஓசையும் பக்கத்தில் இருக்கிறது, பொருளும் பக்கத்தில் இருக்கிறது, வெள்ளைக்காரனும் நம் ஊரில் கூடாரம் போட்டு இருந்தவன்தான், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முகஜாடை ஒத்துப்போகிறது என்பதற்காக ரெண்டு பேரை அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியாது, நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும்.

விசாரித்துக்கொண்டே போனால் கதை ரோமாபுரிக்குப் போகிறது. லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அந்தக் காலத்துப் புத்தகச் சுருள்களைப் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிற உருளைப் பெட்டிக்கு அந்தப் பேர் வழங்கியது. அதுவே இத்தாலியனில் 'காஸ்ஸா' ஆனது, பிரெஞ்சில் 'கெஸ்' ஆனது. இரண்டுக்கும் பெட்டி, பணப்பெட்டி என்று பொருள். அந்த வழியாகத்தான் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேஷ் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்த புதிதில் பெட்டிக்கும் கேஷ் என்றுதான் பேர், பெட்டிக்குள் கிடக்கிற பணத்துக்கும் கேஷ் என்றுதான் பேர். 18ஆம் நூற்றாண்டு வாக்கில் பெட்டி கழன்றுகொண்டது, பணம் மட்டும் நின்றது.

பெட்டி எப்படி ஐயா பணமாகும் என்று கேட்பீர்கள். வேறு எங்கும் போக வேண்டாம், கீழமாசி வீதிக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் அப்பாவுக்கு அங்கே ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. சரிவான மூடி போட்ட மரப்பெட்டி, உள்ளே சில்லறைக்குத் தனித்தனியாக அறை, மூடியில் காசு போட ஒரு பிளவு, அதுதான் கல்லா. அப்பா சாப்பிடப் போனால் "டேய், கல்லாவுல உக்காரு" என்பார். அது பெட்டி. ராத்திரி கடை சாத்தும்போது பக்கத்துக் கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்து "இன்னைக்குக் கல்லா எப்படி?" என்பார். அது பெட்டியில்லை, பணம். தீபாவளி நேரத்தில் யாவாரம் நல்லாப் போனால் "கல்லா கட்டிருச்சு" என்போம், பெட்டியையா கட்டினோம்? இத்தனைக்கும் கல்லாவும் நம் சொல் இல்லை, உருது வழியாக வந்தது. அங்கே அதற்குத் தானியம், விளைச்சல் என்றும் ஒரு பொருள் உண்டு, கடையில் வசூல் போடுகிற பெட்டி என்றும் உண்டு. லண்டன் கடைக்காரன் தன் பெட்டிக்குச் செய்ததைத்தான் கீழமாசி வீதிக் கடைக்காரனும் தன் பெட்டிக்குச் செய்திருக்கிறான். யாரும் யாரைப் பார்த்தும் செய்யவில்லை, கடை நடத்துகிறவன் புத்தி எல்லா ஊரிலும் அப்படித்தான் போகும்போல.

அந்த 'காப்சா' இன்னும் நம் வீடுகளில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற கேப்சூல் என்றால் குட்டிப்பெட்டி என்று அர்த்தம். சூட்கேஸில் வருகிற கேஸ், கல்யாண வீட்டுக்கு ரெண்டு கேஸ் சோடா இறக்குங்கள் என்கிறோமே அந்தக் கேஸ், இரண்டும் அதே வம்சம். கோர்ட்டில் நடக்கிற கேஸ் மட்டும் வேறு. அது 'விழுதல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல், நம் தலையில் வந்து விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், பொருத்தமாகத்தான் இருக்கிறது. அடுப்படியில் இருக்கிற கேஸ் இன்னொரு வகை, 17ஆம் நூற்றாண்டில் ஃபான் ஹெல்மோன்ட் என்ற விஞ்ஞானி கிரேக்கத்துக் 'கேயாஸ்' என்ற சொல்லை மனசில் வைத்துக்கொண்டு புதிதாக உண்டாக்கிய பேர். தமிழில் எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே கேஸ் ஆக்கிவிடுகிறோம், பாவம் மொழிபெயர்ப்பாளர்கள்.

கேள்வி: அப்படியென்றால் நம்முடைய காசு ஆங்கிலத்துக்குப் போகவே இல்லையா? நான் தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை ஒன்றில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். தினமும் 'காசு', 'கேஷ்' இரண்டையும் எழுதுகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

பதில்: போயிருக்கிறது. அங்கேதான் விஷயமே ருசியாகிறது. பெரிய ஆங்கில அகராதி எதையாவது பிரித்துப் பாருங்கள், கேஷ் என்ற தலைப்பில் ஒரு சொல் இருக்காது, இரண்டு இருக்கும். எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறந்த இடம் வேறு வேறு. முதலாவது மேலே சொன்ன பெட்டிக் கேஷ். இரண்டாவது கேஷ் என்றால் இந்தியாவிலும் அதற்குக் கிழக்கே உள்ள நாடுகளிலும் புழங்கிய சின்ன மதிப்புள்ள செப்புக்காசு. அது நம்ம காசேதான், சந்தேகமே வேண்டாம். 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியிலும் இந்தக் கேஷுக்குத் தனியாக இடம் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொகுத்த இருவரில் பர்னல் என்பவர் தஞ்சாவூரில் ஜில்லா ஜட்ஜாக இருந்தவர், காசைக் கையில் எண்ணியே பார்த்திருப்பார்.

நேராக நம்மிடமிருந்து இங்கிலீஷ்காரன் வாங்கவில்லை. நடுவில் போர்த்துக்கீசியன் இருந்தான். கடற்கரைக்கு முதலில் வந்தவன் அவன்தானே. காசு என்று நம் ஆட்கள் சொன்னது அவன் காதில் விழுந்தது, அவன் அதைக் 'காய்ஷா' என்று எழுதிக்கொண்டான். இப்போது கவனியுங்கள்: போர்த்துக்கீசிய மொழியில் 'காய்ஷா' என்று ஏற்கெனவே ஒரு சொல் உண்டு, அதற்குப் பொருள் பெட்டி, அதுவும் அதே லத்தீன் 'காப்சா'வின் பிள்ளை. புதிதாக வந்த காசுக்குப் பழைய பெட்டியின் சட்டையை மாட்டிவிட்டான். அதைப் பார்த்து இங்கிலீஷ்காரனும் தன் ஊர்க் கேஷ் எழுத்திலேயே இதையும் எழுதினான். ரெண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒரே பேரில் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மாதிரி ஆகிவிட்டது, யார் யாருடைய பிள்ளை என்று பின்னால் வந்தவர்களுக்குக் குழப்பம். சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட வட்டக்காசு உண்டு, படங்களில் பார்த்திருப்பீர்கள். இங்கிலீஷ்காரர்கள் அதற்கும் கேஷ் என்றுதான் பேர் வைத்தார்கள். சீனாக்காரன் அதை அப்படிச் சொல்வதில்லை. நம்ம ஊர்ச் சொல் ஒன்று சீனத்துக் காசின் ஆங்கிலப் பேராக ஒட்டிக்கொண்டது. பெருமைப்பட வேண்டுமென்றால் செல்லூர்க்காரர் இதற்குப் படலாம், இது கலப்படமில்லாதது.

காசு எவ்வளவு பழசு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கடையிலேயே தொங்குகிறது. காசுமாலை. குறுந்தொகையில் 67ஆம் பாட்டு, எழுதியவர் அள்ளூர் நன்முல்லையார். அதில் ஒரு கிளி, வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? புதுக்கயிற்றில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் தன் கூரிய நகத்தில் பிடித்திருக்கிற பொன்காசு மாதிரி இருக்கிறதாம். உங்கள் பட்டறையில் இன்றைக்கும் ஆசாரி அப்படித்தான் பிடிப்பார், போய்ப் பாருங்கள். அங்கே காசு செலவழிக்கிற பணம் இல்லை, கழுத்தில் கிடக்கிற பொன். சம்ஸ்கிருதத்தில் 'கர்ஷம்' என்று ஓர் எடை அளவு உண்டு, அதிலிருந்து காசு வந்திருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் ஒரு 'லாம்' போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த 'லாம்' இருக்கிற வரைக்கும் நான் அந்தச் சண்டைக்குள் போகப் போவதில்லை.

இன்னொரு காசும் இருக்கிறது, அதற்கும் பணத்துக்கும் சம்பந்தம் கிடையாது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைக் கொஞ்சும்போது 'காசறு விரையே' என்கிறான். காசில்லாதவளே என்று திட்டவில்லை, அந்தக் காசுக்குக் குற்றம் என்று பொருள், குற்றமில்லாத நறுமணமே என்கிறான். (அப்புறம் மதுரைக்கு வரும்போது நிஜமாகவே கையில் காசில்லாமல்தான் வந்தான் என்பது வேறு கதை.) வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று மனப்பாடம் செய்தோமே, அங்கேயும் ஒரு காசு உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு சின்னச் செப்புக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் சங்கு, இன்னொரு பக்கம் ஆங்கிலத்தில் 'ஒன் கேஷ்' என்று இருக்கிறது. கேஷ் என்றே காசில் அச்சடிப்பார்களா? இது எந்த நாட்டுக் காசு? (கம்பம் வாசகி)

பதில்: நாடெல்லாம் தாண்ட வேண்டாம்மா, மலை தாண்டினால் போதும். அது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் காசு. சங்கு அவர்கள் முத்திரை. உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து குமுளி வழியாக மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் ஏராளம், அந்தப் பக்கம் முழுக்கத் திருவிதாங்கூர்ச் சீமை. அப்பத்தாவோ அவர்கள் வீட்டு ஆட்களோ கூலியில் மிச்சம் பிடித்துக் கொண்டுவந்ததாக இருக்கலாம். அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். கணக்குப் போட்டால் ஒரு ரூபாய்க்கு 448 காசு. உங்கள் கையில் இருப்பது ஒரு ரூபாயில் 448இல் ஒரு பங்கு. 1949இல் சமஸ்தானம் கொச்சியோடு இணைந்தது, அந்தக் கணக்கும் அதோடு போயிற்று.

இந்தப் பக்கம் சென்னை ராஜதானியில் கணக்கு வேறு. கம்பெனிக்காரர்கள் ஆட்சியில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு. பணம் என்பதை அவர்கள் 'ஃபனம்' என்று எழுதினார்கள், வராகனுக்கு 'பகோடா' என்று பேர் வைத்தார்கள் (சாயங்காலம் தின்கிற பக்கோடாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு). 1818இல்தான் இதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு ரூபாயை வைத்தார்கள், 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் போட்டு. அதுவரைக்கும் ஒரு கணக்கப்பிள்ளை எண்பதாலும் நாற்பத்திரண்டாலும் பெருக்கி வகுத்துத்தான் பேரேடு எழுதியிருக்கிறார் என்றால், கால்குலேட்டர் இல்லாமல் ஜிஎஸ்டி போடச் சொன்ன மாதிரி.

அந்தக் கம்பெனிக் காசுகளிலும் கேஷ் என்ற எழுத்து உண்டு. 1803, 1808 வருஷம் போட்ட இருபது காசு நாணயத்தில் ஒரு பக்கம் சிங்கங்கள் நிற்கிற கம்பெனி முத்திரை. மறுபக்கம் பாரசீகத்தில் "இருபது காசு நாலு ஃபலூஸ்" என்று எழுதி (ஃபலூஸ் என்பதும் ஒரு செப்புக்காசுதான்), கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். தமிழ்ச்சொல், பாரசீக எழுத்து, லத்தீன் எண், இங்கிலீஷ் கம்பெனி, எல்லாம் ஒரு செப்புத் தகட்டில்! அதை அச்சடித்ததும் இங்கே இல்லை, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம் நீராவி இயந்திரம் வைத்து அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அப்படி 1809 ஜனவரியில் சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே புயலில் சிக்கி, குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிவிட்டது. டன் கணக்கில் பத்துக் காசும் இருபது காசும் கடலுக்கடியில். 1980களில் முக்குளிப்பவர்கள் இறங்கி லட்சக்கணக்கில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியிருக்க வேண்டிய காசு, இப்போது வெளிநாட்டில் சேகரிப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டிகளில் கிடக்கிறது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கு விளக்குகிற ஞாபகத்தில் அந்தக் காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளவென்று ஆகும், ஆனால் பழங்காசு வாங்குகிறவன் மதிப்பைப் பாதியாகக் குறைத்துவிடுவான். அழுக்கோடேயே இருக்கட்டும்.

கேள்வி: என் அம்மாவுக்குப் போனில் இடமில்லை என்று வந்தது. 'கிளியர் கேஷ்' அழுத்தச் சொன்னேன். "ஜிபேயில இருக்கற பணம் பூராம் போயிரும், அழுத்த மாட்டேன்" என்று மூன்று நாளாக அடம் பிடிக்கிறார். நான் சொன்னால் நம்பவில்லை, பத்திரிகையில் போட்டால் நம்புவார். (வாடிப்பட்டி வாசகர்)

பதில்: அம்மா, தைரியமாக அழுத்துங்கள். அந்தக் கேஷ் இந்தக் கேஷ் இல்லை. உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்து வேறு. அது பிரெஞ்சுக்காரர்கள் 'ஒளித்து வைப்பது' என்று சொல்கிற வார்த்தையிலிருந்து வந்தது. கனடாப் பக்கம் காட்டில் தோலுக்காக வேட்டையாடப் போன பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வருகிற வழியில் வேண்டுமே என்று சாப்பாட்டுச் சாமானை ஒரு குழியில் புதைத்து ஒளித்து வைப்பார்கள், அந்தப் பதுக்கலுக்கு அந்தப் பேர். 1960களில் கம்ப்யூட்டர்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்: அடிக்கடி தேவைப்படுகிறதைக் கைக்கெட்டுகிற இடத்தில் ஒதுக்கி வைப்பது. நீங்கள் அஞ்சறைப்பெட்டியில் கொஞ்சம் கடுகு வைத்துக்கொள்கிறீர்கள் இல்லையா, பரணில் இருக்கிற டப்பாவை ஒவ்வொரு தாளிப்புக்கும் இறக்காமல்? அதுதான். அஞ்சறைப்பெட்டியைக் கொட்டினால் பரணில் இருப்பது போகாது. உங்கள் பணம் போனிலேயே இல்லை, பேங்கில் இருக்கிறது.

ஆனால் பிள்ளைக்கு ஒன்று: அதற்குப் பக்கத்திலேயே 'கிளியர் டேட்டா' என்று ஒன்று இருக்கும், அம்மா விரல் அதன் மேல் பட்டால் ஆப்பிலிருந்து வெளியே தள்ளிவிடும், மறுபடி முதலிலிருந்து நம்பர் கொடுத்து நுழைய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அழுத்திக் கொடுங்களேன், மூன்று நாள் போனில் சண்டை போட்ட நேரத்துக்கு ஒருநாள் அம்மா வீட்டுக்கே போய் வந்திருக்கலாம்.

கேள்வி: நான் பி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறேன். கேஷ், மணி இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 'பை கேஷ்' சரியா, 'இன் கேஷ்' சரியா? கேஷுக்குப் பன்மை உண்டா? (திருப்பரங்குன்றம் மாணவி)

பதில்: மணி என்றால் எல்லாப் பணமும். பேங்கில் இருப்பது, பெட்டியில் இருப்பது, வரவேண்டியது வரை எல்லாம். கேஷ் என்றால் இப்போதே கையில் எடுத்து எண்ணிக் கொடுக்கக்கூடிய நோட்டும் சில்லறையும். மாட்டுத்தாவணியில் டீ குடித்துவிட்டு "நோ கேஷ்" என்றால் உங்களிடம் நோட்டு இல்லை, போனில் ஸ்கேன் பண்ணிவிடலாம் என்று அர்த்தம். "நோ மணி" என்றால் டீக்கடை அண்ணனுக்குக் கோபம் வரும். தமிழில் இந்த வித்தியாசத்துக்கு 'ரொக்கம்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று பலகை மாட்டாத கடை உண்டா? அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான், தமிழ்ச்சொல் 'ர'வில் தொடங்காது என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். வந்தால் என்ன, நல்ல சொல்.

பன்மை கிடையாது. எத்தனை கட்டு நோட்டு இருந்தாலும் கேஷ்தான், 'கேஷஸ்' என்று பெயர்ச்சொல்லாக எழுதக் கூடாது. பழைய செப்புக்காசைச் சொல்லும்போதும் 'டென் கேஷ்' என்றுதான் எழுதினார்கள். 'இன் கேஷ்' எங்கேயும் தப்பாகாது, பரீட்சையில் அதையே எழுதுங்கள். 'பை செக்' என்று சொல்லிப் பழகியதால் 'பை கேஷ்' என்பதும் நம் நாட்டில் நடமாடுகிறது, ரசீதுப் புத்தகத்திலேயே அப்படி அச்சடித்திருக்கிறார்கள். யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள். செக்கைக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கு 'கேஷ்' என்பதையே வினைச்சொல்லாகவும் பயன்படுத்தலாம். அதற்கு நாம் 'என்கேஷ்' என்போம். லீவை ஒப்படைத்துப் பணம் வாங்குகிறதற்கு 'லீவ் என்கேஷ்மென்ட்' என்று அரசு ஊழியர் வீடுகளில் காது புளிக்கக் கேட்டிருப்பீர்கள். அதுவும் நல்ல ஆங்கிலம்தான், நம் நாட்டில் கூடுதலாக ஓடுகிறது, அவ்வளவே.

கேள்வி: ஒரு சரித்திரப் புத்தகத்தில், பட்டாளத்து அதிகாரி ஒருவர் 'கேஷியர்' செய்யப்பட்டார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. தண்டனையாகக் கல்லாவில் உட்கார வைத்தார்களா? (மேலூர் வாசகர்)

பதில்: சிரித்துவிட்டேன். இல்லை, அவமானப்படுத்தி வேலையை விட்டுத் தூக்கினார்கள் என்று பொருள். பெட்டிக்காரக் கேஷியருக்கும் இதற்கும் உறவு இல்லை. இது பிரெஞ்சில் உடைப்பது, செல்லாததாக்குவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து டச்சு வழியாக வந்தது. ஹோட்டல் கேஷியர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: முந்திரிக்கு 'கேஷ்யூ' என்று பேர் வைத்தது விலை அதிகம் என்பதாலா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: இல்லை. பிரேசிலில் துப்பி மக்கள் 'அகாஜு' என்றார்கள், போர்த்துக்கீசியர் 'காஜு' ஆக்கினார்கள், அதைத்தான் கேஷ்யூ என்கிறோம். விலை தற்செயல்.

கேள்வி: பணப்பயிர் என்பதை ஆங்கிலத்தில் 'கேஷ் கிராப்' என்கிறார்கள். நெல்லையும் விற்றுத்தானே பணம் பார்க்கிறோம், அது ஏன் பணப்பயிர் இல்லை? (திருமங்கலம் விவசாயி)

பதில்: நியாயமான கேள்வி. விற்கிறோமா என்பதைப் பார்த்துப் பிரிக்கவில்லை, எதற்காக விதைக்கிறோம் என்பதைப் பார்த்துப் பிரித்தது. வீட்டுக் குதிருக்கு என்று போட்டு, மிஞ்சினதை விற்றால் அது உணவுப்பயிர். விற்பதற்கென்றே போட்டால் பணப்பயிர். உங்கள் கரிசலில் போடுகிற பருத்தியை யாரும் தின்னப் போவதில்லை. மதுரை மல்லியும் அப்படித்தான், 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பயிர், சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் வாடிப்போகிற பயிர். நீங்கள் நெல்லை முழுக்கக் களத்திலிருந்தே விற்றுவிட்டு ரேஷன் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறீர்கள் என்றால் உங்கள் நெல்லும் பணப்பயிர்தான். பாடப்புத்தகம் ஒத்துக்கொள்ளாது, நான் ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பக்கம் காசு என்பதைவிடத் துட்டு என்றுதான் அதிகம் சொல்வோம். சல்லி என்றும் சொல்வோம். இவையாவது சுத்தத் தமிழா? (அலங்காநல்லூர் வாசகர்)

பதில்: துட்டு டச்சுக்காரன் போட்டுவிட்டுப் போனது. அவர்களுடைய சின்னச் செப்புக்காசுக்கு 'டொய்ட்' என்று பேர். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக் கம்பெனி கடை விரித்திருந்த காலத்தில் அது நம் வாயில் துட்டு ஆயிற்று. கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய் இருநூறு வருஷம் ஆகியும் அவன் சில்லறை மட்டும் நம் நாக்கில் நிற்கிறது.

சல்லி உங்கள் ஊர்ச் சொத்து. சல்லிக்காசைத் துணியில் முடிந்து மாட்டுக் கொம்பில் கட்டி, அடக்குகிறவன் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டதால் சல்லிக்கட்டு, அதுவே ஜல்லிக்கட்டு என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வாடிவாசலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு நான் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இப்போது கொம்பில் காசு இல்லை, பைக்கும் காரும் வெளியே நிற்கின்றன.

கேள்வி: ரெண்டு பக்கத்துக்குக் காசைப் பற்றியே எழுதப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இந்த மேகசினில் உங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்? (சிம்மக்கல் வாசகர், பழைய சிநேகிதர்)

பதில்: மேகசின் என்ற சொல்லுக்கு அரபியில் மூலம் 'மக்ஸன்', சாமான்களைச் சேர்த்து வைக்கிற கிடங்கு. கஜானா என்கிறோமே, அதுவும் அதே அரபி வேரில் முளைத்ததுதான். முதலில் கிடங்கு, அப்புறம் வெடிமருந்துக் கிடங்கு, துப்பாக்கியில் குண்டு போடுகிற பகுதிக்குக்கூட அந்தப் பேர் வந்தது அப்படித்தான். 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்று ஒன்று தொடங்கினார், செய்திகளைச் சேர்த்து வைக்கிற கிடங்கு என்ற நினைப்பில். அதிலிருந்து பத்திரிகைக்கு அந்தப் பேர் நின்றுவிட்டது.

ஆக நான் எழுதுவது ஒரு கஜானாவில். இதை ஆசிரியரிடம் போய் விளக்கமாகச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செக்தான் சார், அதுவும் அடுத்த மாசம்" என்றார்.